சிங்கப்பல் கீழே இறங்கிய கதை: கடலூரில் ஒரு பல் சீரமைப்பு, முழு நிகழ்வு ஆய்வு

2022 ஜூலையில் ஒரு சனிக்கிழமை மாலை. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு ஆயா, அம்மா, எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் என்று மூன்று பேர் வந்தார்கள். அப்பா தன் குட்டியானையை ஓரம் கட்டிவிட்டுப் பின்னாலேயே வந்தார். துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிப் போகிற வண்டி. பெண்ணிடம் பெயர் கேட்டேன். வலது கையை வாய்க்கு மேலே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"போட்டோ எடுத்தாலும் இப்படித்தான் டாக்டர், கைய எடுக்கவே மாட்டா" என்றார் அம்மா. ஆயாவுக்கு வேறு எண்ணம். "சிங்கப்பல்லு இருக்கிறது யோகம், டாக்டரம்மா. அதப் போயி ஏன் கலைக்கணும்?"

பல்லுக்குக் கிளிப் போடுவது பற்றி என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி இந்த ஒரு பெண்ணின் சிகிச்சையில் வந்துவிட்டன. நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அதனால்தான் இதை எடுத்து எழுதுகிறேன். குடும்பத்தாரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் விட்டிருக்கிறேன்.

வாய்க்குள் பார்த்தது

மேல்வரிசையில் வலதுபக்கக் கோரைப்பல் ஈறின் உச்சியில், வரிசைக்கு வெளியே முளைத்து நின்றது. இடது கோரைப்பல்லும் வெளியேதான், ஆனால் அவ்வளவு உயரத்தில் இல்லை. வலது கோரைப்பல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வெட்டுப்பல் உள்ளே போய்த் திரும்பியிருந்தது. கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. உதட்டைச் சும்மா விட்டால் மூன்று நான்கு மில்லிமீட்டர் திறந்தே இருந்தது. அச்சு எடுத்து அளந்ததில் மேலே 9 மில்லிமீட்டர் இடம் போதவில்லை, கீழே 5. மேலே குறைந்த 9-ல் 6 வலதுபக்கத்தில் மட்டும்.

ஒரு பக்கத்தில் மட்டும் ஏன் இவ்வளவு? "சின்ன வயசுல அந்தப் பக்கம் பால்பல் ஏதாவது எடுத்தீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டேன். யோசித்துச் சொன்னார். ஏழு வயதில் கடைவாயில் ஒரு பால்பல் சொத்தையாகி, குழந்தை ராத்திரி முழுக்க அழுது, கடைசியில் எடுத்துவிட்டார்கள். "பால்பல்தானே, எப்படியும் விழப் போறதுதானேன்னு இருந்துட்டோம்."

விழப் போவது உண்மைதான். ஆனால் அந்தக் கடைசிப் பால் கடைவாய்ப்பல் விழ வேண்டிய வயது 10லிருந்து 12. அதற்குப் பின்னால் ஆறு வயதிலேயே நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைத்துவிடுகிறது. முன்னால் இருக்கும் பால்பல் சீக்கிரம் போய்விட்டால், அது காலி இடத்தைப் பார்த்து மெல்லச் சாய்ந்து முன்னே வந்துவிடும். மேல் கோரைப்பல்லோ 11, 12 வயதில், அக்கம்பக்கத்துப் பற்கள் எல்லாம் உட்கார்ந்த பிறகு வருகிறது. கடைசி ஸ்டாப்பில் ஏறுகிறவருக்கு பஸ்ஸில் சீட் ஏது? படிக்கட்டில்தான் தொங்க வேண்டும். சிங்கப்பல் என்பது பெரும்பாலும் அப்படித் தொங்குகிற பல்தான். ஆயாவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் தலையாட்டினார்.

வலியில் துடிக்கும் குழந்தைக்குச் சொத்தைப்பல்லை எடுத்ததில் தப்பில்லை. எடுத்த கையோடு, காலி இடத்தைக் காத்துவைக்கும் ஒரு ஸ்பேஸ் மெயின்டெய்னர் போட்டிருந்தால் இந்தக் கதை பாதியாகக் குறைந்திருக்கும். கடைவாய்ப்பல்லைச் சுற்றி ஒரு வளையம், முன்னால் ஒரு கம்பி வளைவு, அவ்வளவுதான் அந்தச் சாதனம். ஏழு வயதில் ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுங்கள் என்று பார்க்கிற அம்மா அப்பாக்களிடம் எல்லாம் நான் கெஞ்சுவது இதனால்தான். அந்த வயதில் பெரும்பாலும் கம்பி போட வேண்டியிருக்காது. எந்தப் பல்லாவது இப்படி நழுவுகிறதா என்று பார்த்துவிடலாம்.

நல்ல பல்லை ஏன் எடுக்க வேண்டும்

எக்ஸ்ரே பார்த்து, அச்சை மேசையில் வைத்து, நான் சொன்ன திட்டம் இது: மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மற்றவற்றை வரிசைப்படுத்துவது. ஒவ்வொன்றும் சுமார் 7 மில்லிமீட்டர் அகலம். மேலே 14 கிடைக்கும். 9 நெரிசலுக்குப் போனால் மிச்சம் 5-ல் முன்பற்களைப் பின்னால் கொண்டுபோய் உதட்டை மூட வைக்கலாம். எடுக்காமல் வரிசையை விரித்துப் பார்க்கலாமா என்று அப்பா கேட்டார். நெரிசல் குறைவாக இருந்தால் செய்திருப்பேன். இந்தப் பெண்ணுக்கு விரித்தால் பற்கள் எலும்பைத் தாண்டி வெளியே தள்ளும், உதடு இன்னும் மூடாது.

அம்மா கணக்கைப் புரிந்துகொண்டார். ஆயாவின் பயம் கணக்கு சம்பந்தப்பட்டதில்லை. "மேல்பல்லப் புடுங்குனா கண்ணுக்கு வந்துடும்னு சொல்றாங்களே, டாக்டரம்மா. வயசுப் புள்ள."

வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிற கேள்வி இது. கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயமும்கூட. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு மூளையிலிருந்து கிளம்பும் ஐந்தாவது நரம்பு. அது மூன்றாகப் பிரிகிறது: ஒன்று நெற்றிக்கும் கண்ணைச் சுற்றியும், ஒன்று மேல்பற்களுக்கும் கன்னத்துக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கும். கண்ணைச் சுற்றி வலிக்கிறது, எரிகிறது என்று சொல்வது இந்த நரம்புதான். பார்வை வேறு. அது இரண்டாவது நரம்பு. விழியின் பின்னாலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. பல்லின் வேரோடு அதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும்? எனக்குத் தோன்றுவது இதுதான். மேல் கோரைப்பல்லின் வேரில் சீழ் கோத்தால் வீக்கம் நேரே கண்ணுக்குக் கீழே ஏறும், இமை மூடிக்கொள்ளும். அந்த நிலையில்தான் அந்தக் காலத்தில் பல்லைப் பிடுங்கப் போயிருப்பார்கள். வீங்கிய கண்ணையும் பிடுங்கிய பல்லையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டிருப்பார்கள். ஆயாவிடம் இதைச் சொன்னதும், தன் தங்கைக்கு அப்படிக் கண் வீங்கியதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பேசி முடித்ததும் சம்மதித்தார். ஒரு வாரம் வலதுபக்கம், அடுத்த வாரம் இடதுபக்கம் என்று நான்கு பற்களையும் எடுத்தோம்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பட்டமேற்படிப்பு பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது, சிதம்பரம் அண்ணாமலை நகரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரம்தான், செலவும் குறைவு. இதை நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். மாதாமாதம் பள்ளிக்கூடம் கெடாமல் சனிக்கிழமை வரலாம் என்பதற்காக அவர்கள் என்னிடமே இருந்தார்கள், தவணையில் கட்டினார்கள். எங்கே போனாலும் பி.டி.எஸ். முடித்து மூன்று வருடம் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளிப் ஒட்டிய நாள்

2022 ஆகஸ்ட். உதட்டை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டி, பற்களைத் துடைத்துக் காயவைத்து, நீல நிற ஜெல்லை ஒவ்வொரு பல்லின் நடுவிலும் வைத்தேன். அது 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம். அரை நிமிடம் கழித்துக் கழுவி ஊதினால் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு போல வெளுத்துத் தெரியும். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்திருக்கும். பசை அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த வித்தையை 1955-ல் மைக்கேல் புவோனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் காட்டினார். அதற்கு முன்னால் ஒவ்வொரு பல்லுக்கும் முழு உலோகப் பட்டை மாட்ட வேண்டியிருந்தது. கம்பியைத் தாங்கும் சின்னத் துண்டான பிராக்கெட்டை வைத்து, பல்லின் நீளவாக்குக்குச் சரியாகத் திருப்பி, வழிந்த பசையை எடுத்து, நீல வெளிச்சம் காட்டினால் இறுகிவிடும். ஒரு பிராக்கெட் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் அந்தப் பல் பிறகு அதே அளவுக்குத் தள்ளித்தான் வரும். இந்த வேலையில் நான் யாரோடும் பேசுவதில்லை.

கம்பி கட்டுவதற்கு முன் அவளிடம் ஒன்று காட்டினேன். வெப்பத்துக்கு இசையும் நிக்கல் டைட்டானியம் கம்பித் துண்டு ஒன்றை ஐஸ் தண்ணீரில் முக்கி, சுருட்டி அவள் உள்ளங்கையில் வைத்தேன். சுருண்டபடியே கிடந்தது. பிறகு கைச்சூடு ஏற ஏற, புழு நெளிகிற மாதிரி அசைந்து, முன்பிருந்த வளைவுக்கே திரும்பி வந்தது. "உயிர் இருக்கா டாக்டர்?" என்றாள். அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடம் ஒன்றில் கண்டுபிடித்த கலவை அது. 1970-களில் பல் மருத்துவத்துக்கு வந்தது. கோணலான பற்களில் கட்டும்போது கம்பியும் கோணலாகும். வாயின் சூட்டில் அது தன் வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், கூடவே பல்லையும் மெல்ல இழுத்துவரும்.

கம்பியைப் பிராக்கெட்டில் பிடித்துவைக்கும் ரப்பருக்கு நிறம் கேட்டேன். வெளியே தெரியக் கூடாது என்று வெள்ளை கேட்டாள். வேண்டாம் என்றேன். சாம்பாரிலும் மீன்குழம்பிலும் இருக்கும் மஞ்சள் இரண்டே நாளில் வெள்ளை ரப்பரை மஞ்சளாக்கிவிடும். சாம்பல் நிறம் போட்டுக்கொண்டாள். மூன்றாவது மாதத்தில் மயில் நீலத்துக்கு மாறினாள். கை வாயை விட்டு இறங்கியது அப்போதிலிருந்துதான் என்று அம்மா சொல்வார்.

அன்று ராத்திரி வலி வரும் என்று சொல்லியே அனுப்பினேன். கட்டிய நான்கைந்து மணி நேரத்தில் தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு நாளில் அடங்கும். குழைந்த சாதம், ரசம், இட்லி, கஞ்சி. தேவைப்பட்டால் பாராசிட்டமால். கன்னத்தைக் குத்தும் இடத்தில் வைக்க மெழுகு. நண்டை மட்டும் சில மாதங்களுக்குத் தள்ளிவைக்கச் சொன்னேன். அந்த வீட்டில் அது சின்னத் தியாகம் இல்லை.

"இன்னும் டைட்டா போட்டா சீக்கிரம் முடியாதா?"

அப்பா இரண்டாவது மாதமே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. வண்டியில் கயிற்றை இறுக்கினால் சரக்கு அசையாது, ஸ்குரூவை முறுக்கினால் உள்ளே இறங்கும். பல் அப்படி வேலை செய்வதில்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு நார்ப்படலம் இருக்கிறது, ரத்த ஓட்டத்தோடு. கம்பி பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும்போது அந்தப் பக்கத்துப் படலம் நசுங்குகிறது. எலும்பைக் கரைக்கும் செல்கள் அங்கே வந்து வழி விடுகின்றன. எதிர்ப்பக்கம் படலம் இழுபடுகிறது. அங்கே எலும்பைக் கட்டும் செல்கள் புது எலும்பு வைக்கின்றன. கம்பி செய்வதெல்லாம் ஒரு சைகை காட்டுவதுதான். நகர்த்துவது எலும்பு. மாதம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அது வழி விடும்.

அளவுக்கு மேல் இறுக்கினால் நசுங்கிய பக்கத்தில் ரத்தக் குழாய் அடைபடும். ரத்தம் இல்லாத இடத்துக்குச் செல்கள் வர முடியாது. அந்த இடம் செத்து, அதைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை பல் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும். வேர் நுனியும் கரையலாம். சரி, அப்படியானால் மெதுவாகவே போகட்டும் என்று அப்பா விட்டுவிட்டார்.

ஏழாம் மாதத்துக்குள் வலது கோரைப்பல் வரிசைக்குள் இறங்கிவிட்டது. வேகமாகத் தெரிந்த காலம் இதுதான்; மாதாமாதம் கண்ணாடியில் மாற்றம் தெரியும். இதற்கு நடுவில் 2023 பொங்கல் வந்தது. நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து உறவுக்காரர் கட்டோடு கரும்பு அனுப்பியிருந்தார். துண்டு போட்டுச் சாறு எடுத்துக் குடி என்று சொல்லியிருந்தேன். தம்பி கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று தானும் கடித்திருக்கிறாள். கீழ்வரிசையில் மூன்று பிராக்கெட் விழுந்து, அவற்றைப் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஒட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் பின்னால் போனோம். இந்த மாவட்டத்தில் பொங்கலுக்குக் கரும்பு, கோடையில் பண்ருட்டிப் பலா, எப்போதும் முந்திரி. பலாச்சுளையைக் கையால் கிழித்துச் சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது. கரும்பைப் பல்லால் உரிப்பதும் வறுத்த முந்திரியை முன்பல்லால் உடைப்பதும்தான் கெடுக்கும்.

ஒன்பதாவது மாதம் ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம் வந்தது. வலது கோரைப்பல்லின் பிராக்கெட்டுக்குக் கீழே எனாமலில் வெள்ளைத் திட்டு. அது சொத்தையின் முதல் படி. தேர்வு நேரத்தில் துலக்குவது குறைந்திருந்தது. அந்த மாதம் கம்பி மாற்றவில்லை. கறை எடுத்து, ஃபுளோரைடு பூசி, பிராக்கெட்டுக்கு அடியில் நுழையும் சின்ன பிரஷ்ஷை அவள் கையிலேயே கொடுத்து, என் முன்னாலேயே துலக்கச் சொன்னேன். நாலு நிமிடம் ஆனது. ஈறு சரியாகும்வரை பல்லை இழுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஈறு கெட்ட இடத்தில் பல்லை நகர்த்தினால் எலும்பும் சேர்ந்து போகும். அதற்கு வரிசை கோணலாகவே இருந்திருக்கலாம். திட்டு அதற்கு மேல் பரவவில்லை. லேசான வெண்மை இன்னும் இருக்கிறது.

அப்புறம் இடைவெளி மூடுகிற கட்டம். வலதுபக்கம் ஒரு சிக்கல் இருந்தது. முன்பற்களைப் பின்னால் இழுக்கக் கடைவாய்ப்பல்லில்தான் பிடிக்க வேண்டும், அதுவோ ஏற்கெனவே முன்னால் நழுவி வந்த பல். அப்பாவுக்கு இதைச் சொல்வது சுலபமாக இருந்தது. மிதக்கிற படகில் நின்று இன்னொரு படகைக் கயிறு போட்டு இழுத்தால் இரண்டும் நகரும். கரையில் தென்னையில் கட்டி இழுத்தால் படகு மட்டும் வரும். இந்தத் தென்னைக்குப் பதிலாக 8 மில்லிமீட்டர் நீள மினி ஸ்குரூ ஒன்றை மரத்துப்போகும் ஊசி போட்டு, இரண்டு வேர்களுக்கு நடுவில் எலும்பில் இறக்கினேன். அதிலிருந்து 150 கிராம் அளவுக்கு இழுவை. ஒரு சின்ன மாங்காயின் எடை. எட்டு மாதத்தில் இடைவெளி மூடியது. மிச்சக் காலம் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகக் கடிக்கும்படி பொருத்துவதில் போனது. அதை விரித்து எழுத ஒன்றுமில்லை, நிறைய பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கழற்றிய பிறகு வந்த வெள்ளம்

2024 அக்டோபரில், 26 மாதம் கழித்து, கழற்றினோம். நாக்கால் பல்லைத் தடவித் தடவிப் பார்த்தாள். "வழவழன்னு இருக்கு, என் பல்லு மாதிரியே இல்ல" என்றாள்.

கழற்றிய அன்று பற்கள் புது இடத்தில் இருக்கும். சுற்றியிருக்கும் எலும்பு இன்னும் இளசு. ஈறிலுள்ள நார்கள் பழைய இடத்தைப் பார்த்து இழுபட்டபடியே இருக்கும். அவை தளர்ந்து புதிதாகக் கட்டப்பட ஒரு வருடத்துக்கு மேலாகும். அதிலும் திரும்பியிருந்த பல் மறுபடி திரும்பவே பார்க்கும். அதனால்தான் பற்களைப் புது இடத்திலேயே பிடித்துவைக்கும் ரிடெய்னர். கீழ்வரிசைக்கு முன்பற்களின் உட்பக்கம் மெல்லிய கம்பியை ஒட்டிவிட்டேன். மேல்வரிசைக்குக் கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற ரிடெய்னர். சாப்பிடவும் துலக்கவும் மட்டும் கழற்ற வேண்டும்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரைபுரண்டு வந்தது. இவர்கள் வீடு அந்த ஆற்றோரம். காலையில் சாப்பிட உட்கார்ந்தவள் ரிடெய்னரை டப்பாவில் போட்டு அடுப்படி அலமாரியில் வைத்திருக்கிறாள். தண்ணீர் வாசலுக்கு வந்ததும் ஆயாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்களுக்கு அது எப்படி நினைவிருக்கும்? திரும்பி வந்தபோது வீட்டுக்குள் சேறு. பத்தாம் வகுப்புப் புத்தகங்களே போய்விட்டன. பிறகு வீட்டைச் சரிசெய்வது, பொதுத்தேர்வு என்று நாள் ஓடி, 2025 ஏப்ரல் கடைசியில்தான் வந்தாள். கையை மறுபடி வாய்க்கு மேலே வைத்திருந்தாள். திட்டுவேன் என்று பயந்திருக்கிறாள்.

கீழ்வரிசை கழற்றிய நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒட்டிய கம்பி தாங்கியிருக்கிறது. மேலே, முன்பு உள்ளே திரும்பியிருந்த அதே சின்ன வெட்டுப்பல் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போய், லேசாகத் திரும்பியிருந்தது. கோரைப்பல் இறங்கிய இடத்திலேயே இருந்தது. ஒரே வாய், ஒரே ஐந்து மாதம், ஒரு வரிசைக்குப் பிடிப்பு உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. ரிடெய்னர் பற்றி நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக அதற்கு முன் நானே பார்த்ததில்லை.

இதில் என் பங்கும் இருக்கிறது. திரும்பியிருந்த பல் மேல்வரிசையில்தான் என்று முதல் நாளே தெரியும். அங்கேயும் உட்பக்கம் கம்பி ஒட்டியிருக்க வேண்டும். ஒரு செட் ரிடெய்னர் மட்டும் கொடுத்ததும் தப்பு. இப்போது எல்லாருக்கும் இரண்டு செட் கொடுக்கிறேன், கழற்றிய நாளின் அச்சை எறியாமல் வைத்திருக்கிறேன்.

மறுபடி கிளிப் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் நகர்த்தும் ஐந்து அலைனர்களை, அதாவது கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற பல் உறைகளை, செய்து, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக, ஒரு நாளைக்கு 22 மணி நேரம் போடச் சொன்னேன். வெளியே தெரியாத இந்தக் கிளிப்பையே முதலில் போட்டிருக்கலாமே என்று அம்மா கேட்டார். இந்த மாதிரிச் சின்ன நகர்வுக்கு அலைனர் அருமையானது. உச்சியில் நிற்கும் கோரைப்பல்லை இறக்கி, நான்கு பல் எடுத்த இடத்தை மூட, அதுவும் 13 வயதில் கழற்றிக் கழற்றி மாட்டுகிற ஒன்றை நம்ப எனக்குத் தைரியம் வராது.

ஜூலையில் பல் தன் இடத்துக்கு வந்தது. மேல் முன்பற்கள் நான்கையும் சேர்த்து உட்பக்கம் கம்பி ஒட்டினேன், ராத்திரிக்கு மட்டும் ரிடெய்னர். அடுத்த பரிசோதனைக்கு ஆயாவும் கூட வந்தார். இரண்டாவது செட் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தார். ரேஷன் கார்டு, எல்லாருடைய ஆதாரும், பேத்தியின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். அவற்றுக்கு நடுவில் ரப்பர் பேண்டு போட்ட ரிடெய்னர் டப்பா.

"தண்ணி வந்தா மொதல்ல எடுக்கிற பையி இதுதான், டாக்டரம்மா" என்றார்.